இரண்டும் 41 லிட்டர் சர்ஃப் போர்டுதான்: குட்டையாகத் தடித்ததா, நீளமாக மெலிந்ததா?

நீரோடி அலை
வணக்கம். ஊர் நீரோடி. பொழியூர், பூவாறு வழியாகக் கேரளத்துக் கோவளம் போய் ஐந்து மாதமாக சர்ஃபிங் கற்கிறேன். எடை 74 கிலோ. இதுவரை ஏறியது வாடகைக்குக் கிடைக்கும் 8 அடி ஃபோம் போர்டில்தான். உடையாத அலையில் எழுந்து நின்று நேராகப் போக வருகிறது, திருப்ப வரவில்லை. இப்போது பழைய போர்டு இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 6 அடி 2 இஞ்ச் நீளம், 21½ இஞ்ச் அகலம், 2⅞ இஞ்ச் தடிமன். இன்னொன்று 7 அடி நீளம், 21 அகலம், 2⅝ தடிமன். இரண்டிலும் பருமன் 41 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. லிட்டர் ஒன்றென்றால் மிதப்பதும் ஒன்றுதானே? பைக்கில் கட்டிக்கொண்டு போக குட்டைதான் வசதி. எடுக்கலாமா?

தென்கடல்
மிதப்பு ஒன்றுதான் தம்பி. ஒரு லிட்டர் பருமன் ஏறக்குறைய ஒரு கிலோ தண்ணீரைத் தள்ளும், அது எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி. ஆனால் மிதந்தால் மட்டும் அலை கிடைக்காது, ஓட்டம் வேண்டும். நீளமான போர்டு நாலு கை போட்டதும் வழுக்கிக்கொண்டு போகும். குட்டை போர்டை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கோவளத்தில் வருவது சின்ன, மெதுவான அலை. அதில் 7 அடிதான் உதவும்.

அப்புறம் தடிமன். 2⅞ என்பது தடித்த இடத்தில் அளந்தது. நடுவில் புடைத்து ஓரம் மெலிந்த போர்டும் உண்டு, ஓரம்வரை தடித்ததும் உண்டு. ஓரம் தடித்தால் நீங்கள் சாய்க்கும்போது அலைக்குள் பதியாமல் மேலே எழும்பப் பார்க்கும். திருப்பக் கற்கிறவருக்கு அது பெரிய தொல்லை. மார்பு படுகிற இடத்தில் தடிமன் இருந்தால் கை போட லேசாக இருக்கும். வாங்குமுன் ஓரத்தை முழுக்க விரலால் பிடித்துப் பாருங்கள்.

கட்டுமரத்து மகள்
அண்ணன் சொன்னது சரி. ஆனால் 41 போதுமா என்று யாரும் கேட்கவில்லையே! 8 அடி ஃபோம் போர்டு 80 லிட்டர் பக்கம் இருக்கும். அதிலிருந்து ஒரேயடியாகப் பாதிக்கு இறங்குகிறீர்கள். தினமும் கடலில் இருக்கிற தேர்ந்தவர்கள் தம் எடையில் 0.4 மடங்கு லிட்டரில் சமாளிப்பார்கள், உங்கள் எடைக்கு அது 30. வாரம் ஒருநாள் போகிறவருக்கு 50க்குக் குறைந்தால் கை ஓய்ந்துவிடும், அலை கிடைக்காது, ஆசையே போய்விடும். எனக்கு அப்படி ஒரு வருடம் வீணானது. 7 அடி 6 இஞ்ச், 22, 2⅞ அளவில் தேடுங்கள்.

பழையது என்றால் இன்னொன்று. அப்பா கரைக்கு வந்ததும் கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப் போடுவார். ஊறிய மரம் தாழ்ந்துதான் மிதக்கும். போர்டும் அப்படித்தான், விரிசல் வழியே தண்ணீர் குடித்திருந்தால் எழுதிய லிட்டருக்கு அர்த்தமே இல்லை. உள்ளே தெர்மோகோல் போன்ற ஈபிஎஸ் ஃபோம் என்றால் இன்னும் கவனம். விரிசலை அழுத்திப் பாருங்கள், ஈரம் கசிகிறதா என்று.

நீரோடி அலை
அக்கா, நேற்று அந்த 7 அடியைக் கேட்டு வாங்கித் தண்ணீரில் இறக்கினேன். உட்கார்ந்தால் தொப்புளுக்கு மேல் தண்ணீர். முக்கால் மணி நேரத்தில் இரண்டே அலை, தோள் விட்டுப்போனது. குட்டையின் வால் பக்கம் அழுத்தினால் மெதுவாக ஈரம் வருகிறது. இரண்டையும் விட்டுவிட்டேன். வர்க்கலையில் ஒருவர் 7 அடி 6, 52 லிட்டர் என்கிறார்.

தென்கடல்
போய்ப் பாருங்கள். உட்கார்ந்தால் தண்ணீர் இடுப்போடு நிற்க வேண்டும். படுத்தால் போர்டின் மூக்கு, அதாவது முன்முனை, தண்ணீருக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மூக்கு முங்கினால் ஒரு சாண் பின்னால் தள்ளிப் படுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கினால் சித்திரைக்குள் பழகிவிடுங்கள் தம்பி. பிறகு காற்றில்லாமலே திடீரென்று கடல் பொங்கும் கள்ளக்கடல், அதன் பின்னாலேயே மழைக்கால அலை. புது போர்டோடு அதில் இறங்க வேண்டாம்.