பண்டிகை விருந்து: பால், வெண்ணெய், சீஸ் இல்லாமல் என்ன சைட் டிஷ், என்ன ஸ்டார்ட்டர்?

சாரல் கேட்டது:

இந்தத் தடவை பண்டிகை விருந்து எங்கள் வீட்டில். பெரியவர், சிறியவர் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு பேர். நடுவில் வைக்கிற முழுக்கோழி ரோஸ்ட் பற்றிக் கவலை இல்லை. அதை எப்போதுமே எண்ணெய் தடவித்தான் செய்வேன். தலைவலி அதைச் சுற்றி வைக்கிற சமாச்சாரங்கள்தான். வழக்கமாகச் செய்வதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: உருளைக்கிழங்கு மசியல், காளான் சாஸில் பீன்ஸ், சீஸ் தூவிய காலிஃபிளவர், கீரை டிப், பூண்டு பிரெட். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் பால்.

நாத்தனார் பையனுக்கு ஆறு வயது, பால் அலர்ஜி. மாமனாருக்கு அலர்ஜி இல்லை, பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். பையனுக்கு மட்டும் ஓரமாக ஒரு கிண்ணம் வைக்க எனக்கு இஷ்டமில்லை. எல்லாரும் எடுக்கிற பாத்திரத்திலிருந்து அவனும் எடுக்க வேண்டும். அதே சமயம் மற்றவர்கள் "என்ன இது, பத்தியச் சாப்பாடா?" என்று கேட்கவும் கூடாது.

மசியலில் வெண்ணெய்க்கும் பாலுக்கும் பதிலாகத் தேங்காய்ப்பால் ஊற்றலாமா? வந்ததும் கொறிக்க என்ன வைக்கலாம்? ஓவன் ஒன்றுதான், அதிலும் பாதி நேரம் கோழி உட்கார்ந்திருக்கும். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தாளிப்பு:

ரொம்பச் சுலபம். வெண்ணெய்க்குப் பதில் நெய், பாலுக்குப் பதில் லாக்டோஸ் நீக்கிய பால். ருசியில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

குட்டிப்பையன் அம்மா:

தாளிப்பு சொன்னது மாமனாருக்குச் சரி. பையனுக்கு அது ஆபத்து, தயவுசெய்து செய்துவிடாதீர்கள் சாரல். என் மகனுக்கும் இதே அலர்ஜி, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைவாகச் சுரப்பவர்களுக்கு வயிறு உப்பும். அலர்ஜி வேறு விஷயம். கேசீன், வே போன்ற பால் புரதங்களை உடம்பு எதிரியாக நினைத்துக்கொள்வதால் வருவது. லாக்டோஸ் நீக்கிய பாலில் அந்தப் புரதம் முழுசாக அப்படியே இருக்கிறது. நெய்யிலும் வடிகட்டியது போகக் கொஞ்சம் தங்கிவிடும். ஆட்டுப்பால் பரவாயில்லையா என்று யாராவது கேட்பார்கள், அதுவும் கூடாது. புரதம் கிட்டத்தட்ட ஒரே ஜாடை.

கடையில் வாங்குவதில்தான் ஏமாறுவோம். பாக்கெட்டில் கேசினேட், வே பவுடர், மில்க் சாலிட்ஸ், மோர்ப் பவுடர் என்று எழுதியிருந்தால் எல்லாம் பால்தான். "நான்-டெய்ரி" என்று பெரிதாகப் போட்ட கிரீமரிலேயே சோடியம் கேசினேட் இருப்பதுண்டு. மார்ஜரின், பிரெட், ஸ்டாக் க்யூப், சாசேஜ், டப்பாவில் வரும் காளான் சூப், மசாலா தூவிய சிப்ஸ் எல்லாவற்றையும் திருப்பிப் படியுங்கள். "பால் கலந்திருக்கலாம்" என்ற எச்சரிக்கை வரி பல நாடுகளில் கட்டாயமே இல்லை, கம்பெனி விரும்பினால் போடும். ஆகவே அந்த வரி இல்லாததை நம்பி வாங்காதீர்கள்.

அப்புறம், சூட்டில் எல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சீஸ் பொரித்த எண்ணெயில் கிழங்கு பொரித்தால் அதுவும் அவனுக்கு ஆகாது. வேறு ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்றும் நாத்தனாரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். முந்திரி, எள், முட்டை, சோயா நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "வேறு ஏதாவது?" என்று பொதுவாகக் கேட்டால் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

கரண்டி:

சின்ன விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். பால் இல்லாமல் கேட்பவர்களும் அடிக்கடி வருகிறார்கள். நான் முதலில் சொல்வது இதுதான்: பால் பதார்த்தத்துக்கு மாற்று தேடி அலையாதீர்கள். பால் கேட்காத பதார்த்தத்தைத் தேர்ந்தெடுங்கள். சீஸ் இல்லாத சீஸ் காலிஃபிளவர் செய்தால் பன்னிரண்டு பேரும் சீஸைத்தான் தேடுவார்கள். அதையே வேறொன்றாகச் செய்தால் யாருக்கும் எதுவும் குறையாது. வெண்ணெய் உண்மையிலேயே ஒரு வேலை செய்கிற இடத்தில் மட்டும் அது என்ன வேலை என்று பார்த்து அந்த வேலைக்கு ஆள் போடுங்கள்.

மசியல் அப்படிப்பட்ட இடம். தேங்காய்ப்பால் வேண்டாம், இனிப்பு வாடை கோழியோடு ஒட்டாது. பாதாம் பால் ஊற்றுவதாக இருந்தால் இனிப்பும் வனிலாவும் சேர்க்காததா என்று பாருங்கள். உண்மையில் அதுவும் தேவையில்லை. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் 100 கிராம் வெண்ணெய் போடும் இடத்தில் 80 கிராம் எண்ணெய் போதும்.

மாவுப்பிடிப்பான கிழங்கு ஒரு கிலோ. பச்சைத் தண்ணீரிலேயே உப்போடு போட்டுக் கொதிக்க விடுங்கள், அப்போதுதான் உள்ளும் வெளியும் ஒன்றாக வேகும். வடிக்கும்போது அந்தத் தண்ணீரில் ஒரு குவளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கைத் திரும்ப வெறும் பாத்திரத்தில் போட்டுச் சிறு தீயில் குலுக்குங்கள். ஆவி அடங்கி, துண்டுகளின் ஓரம் வெள்ளைப் பொடி பூத்த மாதிரி ஆகும். அதுதான் பதம். இதற்குள் பக்கத்து அடுப்பில் 80 மில்லி ஆலிவ் எண்ணெயில் ஒரு முழுப் பூண்டின் பற்களைக் கொதிக்காமல், மெல்லக் குமிழி மட்டும் வருகிற சூட்டில் மெத்தென்று ஆகும்வரை வைத்திருங்கள். கிழங்கைச் சூட்டோடு மசித்து, எண்ணெயையும் பூண்டையும் முதலில் கலக்குங்கள். எடுத்து வைத்த தண்ணீரைச் சூடாகக் கரண்டி கரண்டியாக அப்புறம் சேருங்கள். மிக்ஸி பக்கம் மட்டும் போகாதீர்கள். மாவுச்சத்து உடைந்து வெளியே வந்து, கடைசியில் போஸ்டர் ஒட்டத்தான் உதவும்.

காலிஃபிளவருக்கு வருவோம். சீஸை மறந்துவிடுங்கள். பூக்களை நடுவில் இரண்டாக வெட்டி, தட்டையான முகம் தட்டில் படும்படி வைத்து, எண்ணெய், உப்போடு 220 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம். துண்டுகளுக்கு நடுவே இடம் விடுங்கள். நெருக்கி அடுக்கினால் ஈரம் போக வழியில்லாமல் வெந்து குழையும், நிறமே வராது. வெளியே எடுத்ததும், எண்ணெயில் பூண்டோடு மொறுமொறுவென்று வறுத்த பிரெட் தூளும் துருவிய எலுமிச்சைத் தோலும் தூவுங்கள். சீஸ் கொடுத்த உப்பும் மொறுமொறுப்பும் அதில் வந்துவிடும். பிரெட் பாக்கெட்டைப் படிக்க மறக்காதீர்கள், மேலே அம்மா சொன்னதுதான்.

பீன்ஸ் காளானை நான் ஓவனிலேயே வைக்க மாட்டேன். காளானை எண்ணெய் இல்லாமல் காய்ந்த வாணலியில் போடுங்கள். தண்ணீர் விட்டுச் சளசளவென்று கொதிக்கும். அது வற்றி, சத்தம் சுரீரென்று மாறும்போது எண்ணெய் ஊற்றிச் சிவக்க விடுங்கள். தனியாக மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் மூன்று மேசைக்கரண்டி மைதாவை வாசம் வர வறுத்து, சூடான ஸ்டாக் (காய்கறியோ கோழியோ வேகவைத்து வடித்த சாறு) இரண்டு கப் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் வெள்ளை சாஸ் ரெடி. ஊற வைத்து அரைத்த முந்திரி அரை கப், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் சேர்த்தால் கிரீம் போட்டதா என்று கேட்பார்கள். வேகவைத்த பீன்ஸைப் போட்டு, மேலே பொரித்த வெங்காயம். முடிந்தது.

பூண்டு பிரெட்டுக்கு ஆலிவ் எண்ணெய் போதும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கொறிக்க, கீரை டிப்பை விட்டுவிட்டு ஹம்மஸ் செய்யுங்கள். கொண்டைக்கடலையை ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, விரலில் நசுக்கினால் கூழாகும்வரை வேக வையுங்கள். கடலையை அரைக்கும் முன் தஹினியை, அதாவது எள் விழுதை, எலுமிச்சைச் சாறோடு தனியாக அடியுங்கள். முதலில் இறுகி, கெட்டுப்போன மாதிரி நிற்கும். பயப்படாமல் ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் இளகி, வெளுத்து, நுரைத்துவிடும். அதில் கடலையை அரைத்தால் வருகிற வழவழப்புக்குக் கீரை டிப் பக்கத்திலேயே வர முடியாது. கேரட், வெள்ளரி, சுட்ட பிரெட்டோடு வையுங்கள். பக்கத்தில் எலுமிச்சைத் தோலும் மிளகாயும் போட்டு ஊற வைத்த ஆலிவ் ஒரு கிண்ணம். ஸ்டார்ட்டருக்கு அதற்கு மேல் வேண்டாம், கோழிக்கு வயிறு மிச்சம் இருக்க வேண்டுமே.

விருந்தாளி:

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? இப்போது வீகன் சீஸ், வீகன் வெண்ணெய் எல்லாம் கிடைக்கிறதே. வாங்கிப் போட்டால் பழைய பட்டியலே ஓடும்.

கரண்டி:

வெண்ணெய் ஓகே, மசியலுக்கும் பிரெட்டுக்கும் தாராளமாகப் போடலாம். சீஸ்தான் எனக்குப் பிடிக்காது. நிறைய வகைகளில் தேங்காய் எண்ணெயும் ஸ்டார்ச்சும்தான் முக்கியச் சரக்கு. உருகும், ஆனால் சீஸ் மாதிரி நூல் இழுக்காது, சிவக்காது. ஆறியதும் வாயில் மெழுகு ஒட்டும். பெரியவர்கள் அதைத்தான் "பத்தியச் சாப்பாடு" என்பார்கள். பிடித்தவர்கள் வாங்கட்டும், சண்டை இல்லை.

குட்டிப்பையன் அம்மா:

ஒரு விஷயம் விருந்தாளி. வீகன் என்றால் பால் பொருள் சேர்த்துச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். பால் ஓடுகிற அதே இயந்திரத்தில் செய்திருக்கலாம். அலர்ஜிக்காரர்கள் வீகன் பாக்கெட்டிலும் அலர்ஜி வரியைப் படிக்கத்தான் வேண்டும்.

சாரல்:

எல்லாருக்கும் நன்றி. நாத்தனாரிடம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டேன். நல்ல வேளை கேட்டேன், முந்திரி கூடாதாம்! எள், சோயா, முட்டை பரவாயில்லை என்றார். முந்திரி இல்லாமல் காளான் சாஸ் கெட்டியாகுமா, கரண்டி அண்ணா? இன்னொன்று, மாமியார் காப்பிக்குப் பால் வேண்டும் என்பார். அதையும் தடுக்க முடியாது.

கரண்டி:

ஆகும். மைதாவே பாதி வேலையைச் செய்துவிடும். முந்திரிக்குப் பதில் வேகவைத்த வெள்ளை பீன்ஸ் அரை கப்பை ஸ்டாக்கோடு மிக்ஸியில் மைய அரைத்து ஊற்றுங்கள். (இதற்கு மிக்ஸி ஆகும், கிழங்குக்குத்தான் ஆகாது.) முந்திரியின் லேசான இனிப்பு இதில் இருக்காது, அதனால் வெங்காயத்தைக் கூடுதலாக வதக்கிச் சேருங்கள். கடைசியில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. கிரீமில் இருக்கிற மெல்லிய புளிப்பு அதில்தான் வரும்.

ஓவன் கணக்கு இது: ஹம்மஸும் ஆலிவும் முந்தின நாளே முடிந்துவிடும். கோழி வெளியே வந்ததும் வெட்டாமல் அரை மணி நேரம் மூடி வையுங்கள். அது எப்படியும் ஆற வேண்டும். அந்த அரை மணிதான் காலிஃபிளவருக்கு. கோழி வெளியே வந்த உடனே ஓவனை 220க்கு ஏற்றிவிடுங்கள். பூண்டு பிரெட் கடைசி ஐந்து நிமிடம் கீழ்த் தட்டில். மசியலை முன்னாலேயே செய்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் மூடி வைத்தால் ஒரு மணி நேரம் சூடு தாங்கும். பரிமாறும் முன் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறுங்கள்.

குட்டிப்பையன் அம்மா:

காப்பிப் பாலை சாப்பாட்டு மேசைக்கே கொண்டு வராதீர்கள். வேறு மேசையில், தனிக் கரண்டியோடு, சாப்பாடு முடிந்த பிறகு. யாராவது இனிப்போ கேக்கோ வாங்கி வந்தால் அதுவும் அந்த மேசைக்கே. பழைய மரக்கரண்டியையும் மரப்பலகையையும் அன்றைக்கு எடுக்காமல் இருப்பது நல்லது, வெட்டுக் கோடுகளில் சீஸ் தங்கியிருக்கும். பையனைக் கை கழுவ வைப்பதோடு பெரியவர்களும் பால் தொட்டால் கழுவட்டும். அவனுடைய அவசர மருந்து எங்கே இருக்கிறது, எப்போது கொடுக்க வேண்டும் என்று நாத்தனாரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தாளிப்பு:

நெய் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பால் அலர்ஜியும் லாக்டோஸ் செரிக்காததும் ஒன்றுதான் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாரல்:

மருந்து விஷயம் கேட்டாயிற்று, அவர் கைப்பையிலேயே இருக்குமாம். கடைசியாக ஒன்று: காளான் சாஸையும் முந்தின நாளே செய்து வைக்கலாமா?

கரண்டி:

செய்யலாம். பீன்ஸை மட்டும் அன்றைக்கு வேக வைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். சாஸ் ஃபிரிட்ஜில் கல்லாக இறுகியிருக்கும். அரை கப் ஸ்டாக் ஊற்றிச் சிறு தீயில் கிளறினால் இளகிவிடும், உப்பு அதற்கப்புறம் பாருங்கள். வெங்காயம் பரிமாறும் நேரத்தில்தான், முன்பே போட்டால் நமத்துப்போகும்.