சூரிச் டிராமில் எழுந்த ஒரு கேள்வி

கேள்வி:
சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நான் ஏறிய டிராமை ஓட்டியவர், அறுபதை நெருங்கிய, நரைமுடி கொண்ட ஒரு பெண்மணி. வளைவுகளில் சிறிதும் தயங்காமல் வண்டியைச் செலுத்திய அவரைப் பார்த்தபோது, அவருடைய இளமையில் பெண்களுக்கு வேலைவாய்ப்பு எளிதாக இருந்ததா என்று நினைத்தேன். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
எளிதாக இருந்திருக்காது. அங்கே பெண்கள் நாடு தழுவிய வாக்குரிமையையே 1971இல்தான் பெற்றார்கள், அதுவும் ஆண்கள் மட்டும் பங்கேற்ற வாக்கெடுப்பின் மூலம். மனைவி வேலைக்குச் செல்வதற்குக் கணவரின் சம்மதம் வேண்டும் என்ற பழைய திருமணச் சட்டம் 1988 வரை நீடித்தது.

மறுமொழி 2:
அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில், மாநில அளவிலான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைக்க இன்னும் தாமதம். கையுயர்த்தி வாக்களிக்கும் திறந்தவெளிச் சபையில் பெண்களைச் சேர்க்க ஆண்கள் தொடர்ந்து மறுத்ததால், 1990இல் கூட்டாட்சி நீதிமன்றமே தலையிட நேர்ந்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிவிட்டதற்காக இப்போது வருந்துகிறேன்.