மைன்கிராஃப்ட் வீடியோ கேமில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

குன்னூர் மழை

மூணு வாரமாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். பையன் ஏழாவது. தனிமம், சேர்மம் என்று பாடம் ஆரம்பித்ததும் கேமுக்குள்ளேயே கெமிஸ்ட்ரி செய்து பார்க்கிற எஜுகேஷன் ஆப்ஷனைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அதில் ஒரு ஸ்லைடர் இருக்கும், புரோட்டான் எண்ணிக்கையை 11க்கு நகர்த்தினால் சோடியம், 17க்கு நகர்த்தினால் குளோரின். ஹீலியம் பலூனைக் கட்டி ஆட்டை வானத்தில் ஏற்றினான், நானும் சிரித்தேன். அப்புறம் பிளீச். சோடியம் ஹைபோகுளோரைட் 3, தண்ணீர் 3, கேமில் இருக்கும் லேப் டேபிளில் வைத்தால் தயார். கலவை தப்பினால் 'குப்பை' என்று ஒரு பொருள் வரும், அவ்வளவுதான்.

அன்றைக்கு மேகம் இறங்கி, வீட்டில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பாத்ரூமிலிருந்து இருமல் சத்தம். போய்ப் பார்த்தால் மக்கில் பிளீச்சிங் பவுடர், அதன் மேல் பாத்ரூம் கழுவும் ஆசிட். அந்த நெடி வாசலிலேயே என்னைத் தள்ளியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை வெளியே இழுத்துவந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்ட, "தப்பாப் போனா குப்பைதானேம்மா வரும்?" என்றான்.

டாக்டர் பார்த்துவிட்டார், இப்போது ஒன்றுமில்லை. ஆனால் குளோரினுக்கு 17 என்று தூக்கத்தில்கூடச் சொல்லும் பிள்ளைக்கு, அது மூச்சை அடைக்கும் என்று நான் சொல்லவில்லையே.

பூம்பாறைப் பூண்டு

ஐயோ அக்கா, படிக்கும்போதே தொண்டை கரகரக்கிறது.

எங்கள் வீட்டுக் கதை வேறு. என் மாமியார் கொடைக்கானலில் அந்தப் பாதரச தெர்மாமீட்டர் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், பாதரசக் கழிவுப் பிரச்சனையில் 2001ல் மூடினார்களே, அதுதான். மகள் ஒருநாள் புரோட்டானை 80 வரைக்கும் தள்ளிவிட்டு, "அப்பத்தா, பாதரசம் செஞ்சிட்டேன், தொட்டுப் பாருங்க" என்று டேப்லெட்டை நீட்டினாள். திரையில் எச்ஜி என்று எழுத்துப் போட்ட ஒரு கட்டி, வேறொன்றும் இல்லை. அவர் விரலை நீட்டினார், பாதியிலேயே இழுத்துக்கொண்டார். தொடவே இல்லை, ஆனாலும் கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்தார்.

"இது ஓடலையே" என்றார் கொஞ்சம் கழித்து. "அது நிக்காது பாப்பா. கீழ கொட்டினா மணிமணியா மேசைக்கு அடியில ஓடும்."

பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை நான் ஒரு தரம்கூட அவரிடம் கேட்டதில்லை.

ரிட்டயர்ட் வாத்தியார், கோத்தகிரி

முதலில் எழுதிய அம்மாவுக்கு: பழியை விளையாட்டின் மேலும் போடாதீர்கள், உங்கள் மேலும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆசிட்டைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்ததுதான் தப்பு. பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு வரும் என்பது டப்பாவைப் பார்த்து வாங்குகிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என் அனுபவம் இரண்டு வரி. பேரன் அதில் சர்க்கரை செய்தான்: கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. அடேய், அது குளுக்கோஸ், டீயில் போடும் சர்க்கரைக்கு 12, 22, 11 என்றேன். "கேம்ல இதுதான் தாத்தா" என்று போய்விட்டான்.

சரி, நான் சொல்ல வந்தது இது. மலையில் இருந்துகொண்டு எதற்குத் திரை? ஊட்டி மார்க்கெட்டில் சிவப்பு முட்டைகோஸ் வாங்கி வேகவைத்து அந்தத் தண்ணீரை வடிகட்டுங்கள். எலுமிச்சை பிழிந்தால் ரோஸ் நிறமாகும், சமையல் சோடா போட்டால் நீலப்பச்சையாகும். வாசலில் ஹைட்ரேஞ்சியா இருக்கிறதா? நம் மண் அமிலத்தன்மை உள்ளது, அதில் அலுமினியம் கரைந்து வேரில் ஏறுவதால்தான் பூ நீலமாக இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் அதே செடி ரோஸாகப் பூக்கும். தேயிலைக் கொழுந்தை உள்ளங்கையில் கசக்கி வைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும். ஃபேக்டரியிலும் நடப்பது அதே ஆக்சிஜனேற்றம்தான். ஊட்டியில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள், 100 வராது, 93 பக்கம்தான் நிற்கும். ஏன் என்று பிள்ளையே கேட்கும். இன்னும் நிறைய இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

மலைரயில்

சார், கேட்டது அனுபவம், நீங்கள் சிலபஸே போட்டுவிட்டீர்கள். முட்டைகோஸ் தண்ணீரை என் பையன் இரண்டு நிமிஷம் பார்த்தான். அந்த ஸ்லைடரோடு இரண்டு மாசமாக உட்கார்ந்திருக்கிறான். அது சும்மாவா?

அப்பா அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். பையன் கேமில் டிஎன்டி வெடியோடு சோடியம் சேர்த்து, தண்ணீருக்கு அடியில் வெடிப்பதைச் செய்து காட்டினான். சோடியம் தண்ணீரில் பட்டால் ஹைட்ரஜன் வந்து தீப்பிடிக்கும் என்று நான் ஆரம்பித்தேன். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. "நீ எங்க நிக்கிற?" என்றார் அவனிடம். பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"பின்னால போ."

போனான்.

"இன்னும்."

கடைசியில் வெடி திரையிலேயே தெரியாத தூரத்துக்கு வந்துவிட்டான். "இப்ப எதுவுமே தெரியலை தாத்தா" என்று கத்தினான். "அதான் சரியான தூரம்" என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்த மனுஷன் வீட்டில் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

குன்னூர் மழை

வாத்தியார் ஐயா, ஆசிட்டை அன்றைக்கே கொட்டாமல் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டேன். நீங்கள் சொன்னது வலித்தது, ஆனால் சரிதான்.

விளையாட்டை நிறுத்தவில்லை. நேற்று மறுபடி உட்கார்ந்தான். முதலில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். வெளியே நல்ல சாரல், மேகம் அப்படியே உள்ளே வருகிறது. "டேய், குளிருதுடா, அது வெறும் கேம்தானே" என்றேன்.

"இருக்கட்டும்மா" என்றான்.