டேட்டா ஓனருக்கு என்ன சொல்? (திங்கள் காலை அச்சுக்குப் போகிறது)

ச., கோவை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நூற்பாலையில் ஈஆர்பி (எல்லாப் பிரிவுக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும்) மென்பொருள் நிறுவும் வேலையில் இருக்கிறேன். ஸ்டோர், பஞ்சு, பராமரிப்புப் பிரிவு ஆள்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். இருப்பு, பதிவு, கொள்முதல் என்ற சொற்கள் எல்லாம் சிக்கலின்றி ஓடிவிட்டன. இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, டேட்டா ஓனர். பழைய எக்செல் கோப்பில் இருக்கும் சரக்குப் பட்டியல் புது மென்பொருளுக்குள் ஏறுமுன் ‘இது சரி’ என்று கையெழுத்துப் போடுபவர். கணினி ஆள் இல்லை, அந்தந்தப் பிரிவிலேயே வேலை பார்ப்பவர். ‘தரவு உரிமையாளர்’ என்று படிவம் அடித்து ஸ்டோர் கீப்பர் அண்ணனிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “ஓனர் மாடியில இருக்காருங்க. நான் இதுல கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு, பேக்ஃபில். அவரை வாரம் மூன்று நாள் தரவு வேலைக்கு இழுக்கிறோம். அந்த மூன்று நாளும் ஸ்டோரில் அவர் இடத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு சொல். (ஆள் இன்னும் வரவில்லை. இவர் பகலில் ஸ்டோர், ஐந்து மணிக்கு மேல் தரவு என்று ஓடிக்கொண்டிருக்கிறார். சொல்லாவது வரட்டும்.)

பெ., மதுரை:

தம்பி, உரிமையாளர் ஆகாது என்பது சரி. ஆனால் ‘தரவு’ என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டீர்களே. தரவு கலிப்பாவின் முதல் உறுப்பு. பின்னால் தாழிசை, தனிச்சொல், சுரிதகம். தரவுக்கு எருத்து என்றும் பெயர் உண்டு. எருத்து என்றால் பிடரி. ஆக உங்கள் ஸ்டோர் கீப்பர் பிடரிக்கு உரிமையாளர்!

சோழர் கல்வெட்டைப் புரட்டுங்கள். புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என்று வரிக்கணக்கு ஆள்கள் வரிசையாக வருகிறார்கள். ஓர் ஊரின் இறையை (வரியை) நீக்கினால்கூட அது இத்தனை பேர் கையைத் தாண்டித்தான் கணக்கில் ஏறும். வரியிலீடு என்பது அச்சாக டேட்டா என்ட்ரி. பொத்தகம் வைத்துக் காப்பவர் பொத்தகர். ‘சரக்குப் பொத்தகர்’ என்று போடுங்கள், ஆயிரம் ஆண்டுச் சொல் உயிர் பெறும்.

பேக்ஃபில்லுக்கு ‘ஈட்டாள்’. ஈடு + ஆள். ஒருவருக்கு ஈடாக நிற்பவர்.

த., யாழ்ப்பாணம்:

ஐயா, திணைக்களம் உங்களுக்குக் கல்வெட்டு. எங்களுக்கு அது கந்தோர் வாசல் பலகை. ஓய்வூதியத் திணைக்களத்தில் போன கிழமைதான் வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

ஈட்டாளை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் ஈடு வைப்பது என்றால் காணியையோ நகையையோ அடகு வைப்பது. ஈட்டாள் என்று வாசிப்பவர், ஆளையே அடகு வைத்துவிட்டார்கள் என்று நினைப்பார். அதிபர் லீவில் போனால் இங்கே பதில் அதிபர் இருப்பார், நீதவான் போனால் பதில் நீதவான். ‘பதிலாள்’ போதாதா? ஸ்டாஃபிங்குக்கும் (வேலைக்கு ஆள் அமர்த்துவது) சேர்த்துச் சொல்கிறேன்: எங்களிடம் ‘ஆளணி’ உண்டு. நல்ல சொல், எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ச. தனியாக அனுப்பிய பக்கத்தில் டேட்டா மைக்ரேஷனுக்குத் ‘தரவு இடம்பெயர்வு’ என்று இருக்கிறது. பிழையில்லை. ஆனால் இடம்பெயர்வு என்றதும் எனக்கு எக்செல் கோப்பு ஞாபகம் வராது. மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

ச., கோவை:

அக்கா, மாற்றிவிட்டேன். ‘தரவுப் பெயர்ச்சி’ என்று போட்டதும் பஞ்சுப் பிரிவில் ஒருவர், எந்த ராசிக்கு நல்லது என்று கேட்டார். இப்போது வெறும் ‘தரவு மாற்றம்’.

பதிலாள் என்று மில்லில் சொல்லிப் பார்த்தேன். “பதிலிதானே?” என்றார்கள். யாராவது வரவில்லை என்றால் அன்றைக்கு அந்த இடத்தில் நிற்கும் தொழிலாளிதான் பதிலி. அங்கே எல்லோருக்கும் தெரிந்த சொல். நாம்தான் இல்லாத சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பெ., மதுரை:

> எல்லோருக்கும் தெரிந்த சொல்

தெரிந்த சொல் வேறு, தமிழ்ச் சொல் வேறு. பதிலி என்பது வடக்கே ஆலைகளில் வழங்கும் ‘பத்லி’. அரபு ‘பதல்’ உருது வழியாக வந்து சேர்ந்தது. ‘பதில்’ என்பதே அதுதான். விடை, மறுமொழி என்று நம்மிடம் இல்லாமலா? வடசொல்லை எடுத்தால்கூட வடவெழுத்து ஒரீஇ (விலக்கி) எடுக்கச் சொன்னவர் தொல்காப்பியர். நீங்கள் வாயிற்கதவையே கழற்றி வைத்துவிட்டீர்கள்.

த., யாழ்ப்பாணம்:

ஒரீஇத்தானே ஐயா எடுத்திருக்கிறார்கள்? ‘பதிலி’யில் வேற்றெழுத்து எங்கே இருக்கிறது? பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூலும் விட்டுவிட்டது. நான் பதிலி பக்கம்.

ந., சென்னை:

நடுவில் நுழைகிறேன். டேட்டா ஓனருக்கு எல்லோரும் ‘தரவுப் பொறுப்பாளர்’ பக்கம் சாய்வது போலத் தெரிகிறது. அரசு அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. இங்கே பதவிப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுப் ‘பொறுப்பு’ என்று எழுதினால், அவர் தற்காலிகம் என்று பொருள். தலைமையாசிரியர் (பொறுப்பு) என்றால், உண்மையான தலைமையாசிரியர் இனிமேல்தான் வரவேண்டும். இலங்கையில் ‘பதில்’ செய்யும் வேலையைத் தமிழ்நாட்டில் ‘பொறுப்பு’ செய்கிறது! அப்புறம் எது டேட்டா ஓனர், எது பேக்ஃபில்?

பேசாமல் ‘தரவுக் கர்ணம்’ என்று வைத்துவிடலாம். ஊர்க் கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணங்களை 1980இல் ஒழித்தார்கள், பெயர் சும்மாதான் கிடக்கிறது.

பெ., மதுரை:

கேலிக்குச் சொன்னாலும் வேர் நல்ல வேர். எண்பேராயத்தில் (அரசனுக்குத் துணையான எட்டுக் குழுவினரில்) முதலில் வருபவர் கரணத்தியலவர், அதாவது கணக்கர். கரணம் வடசொல் என்பார்கள், நான் ஏற்பதில்லை. கரு, கருவி, கரணம் என்று

(மீதி 2 பக்கம் நீண்டுவிட்டதால் தனி இழையாக அனுப்புகிறேன்.)

ர., டொரண்டோ:

நான் பெரும்பாலும் வாசிப்பதோடு சரி. ஆனால் இது பகிடி விஷயமில்லை. அமெரிக்க டார்கெட் கடை 2013இல் கனடாவுக்கு வந்தது. புது எஸ்ஏபி மென்பொருள், சுமார் 75,000 பொருள்களின் விவரங்களை ஏற்ற வேண்டும், நேரமில்லை. ஏற்றியவர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் புதிய இளம் பிள்ளைகள். சென்ரிமீற்றர் வரவேண்டிய இடத்தில் அங்குலம், நீளம் இருக்கவேண்டிய இடத்தில் அகலம். மென்பொருள் கணக்கில் பெட்டிகள் அலுமாரியில் அடங்கவில்லை. கிடங்கில் சரக்கு முட்டி நின்றது, கடையில் தட்டுகள் வெறுமை. நானே பலமுறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

பிழைக்குக் காரணம் அது மட்டுமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அங்குலம் அங்கேயே நின்றிருக்கும். இதனை இதனால் இவன்முடிக்கும் என்று ஆராயச் சொன்னதுதான் ஸ்டாஃபிங். ‘இவன்’ யார் என்று தெரிந்த பிறகு பெயர் எதுவானால் என்ன?

ச., கோவை:

ர. அண்ணா, இன்று காலை இங்கே நடந்ததைக் கேளுங்கள். எங்கள் அணியில் ஒரு பையன் ‘6205’ என்று தேடி, பேரிங் 6205, 6205 பேரிங், 6205 இசட்இசட், 6205 டூஆர்எஸ் என்று நாலு வரி வருவதைப் பார்த்து, எல்லாம் 25 மில்லிமீட்டர் துளை, 52 வெளி விட்டம், 15 அகலம் என்று உறுதி செய்துகொண்டு, ஒரே வரியாகச் சேர்த்துவிட்டான். அளவு சரிதான். ஸ்டோர் அண்ணன் எழுந்து போய் இரண்டு பெட்டிகளை எடுத்து வந்து மேசைமேல் பிரித்து வைத்தார். ஒன்றில் இருபுறமும் தகரமூடி, இன்னொன்றில் ரப்பர். “தண்ணி தெறிக்கிற பம்பு மோட்டாருக்கு இந்தத் தகரத்தைப் போட்டுப் பாருங்க தம்பி, எத்தனை நாள் ஓடுதுன்னு.” முதல் இரண்டு வரிகள்தான் உண்மையான இரட்டிப்பு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவர் தலையில் இருந்தது.

பஞ்சுப் பக்கமும் இதே கதைதான். விலை கண்டிக்கு, வருவது பேலாக. கண்டி 355.62 கிலோ, பேல் சுமார் 170. இரண்டையும் ஒரே கட்டத்தில் ‘அளவு’ என்று போட்டிருந்தார்கள்.

பெயர் எதுவானாலும் பரவாயில்லை என்று என்னால் விட முடியவில்லை. ‘உரிமையாளர்’ என்று இருந்தவரை அவர் பேனாவைத் தொடவில்லையே.

ந., சென்னை:

அப்படியானால் அவரிடமே கேட்டிருக்கலாமே?

ச., கோவை:

கேட்டேன். தரவுப் பொறுப்பாளர், சரக்குப் பொத்தகர், தரவுக் காப்பாளர் மூன்றையும் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன். காப்பாளர் என்றால் ஹாஸ்டல் வார்டன் என்றார். பொத்தகரை இரண்டு முறை படித்துவிட்டுச் சிரித்தார் (பெ. ஐயா மன்னிக்கவும்). பொறுப்பாளரை எடுத்துக்கொண்டு, ‘தரவு’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே ‘கணக்கு’ என்று எழுதினார். கணக்குப் பொறுப்பாளர். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஆனால் கணக்கு என்று அச்சடித்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவு சண்டைக்கு வரும். இங்கே வாக்கு விட்டதில் பொறுப்பாளருக்கு நாலு, பொத்தகருக்கு ஒன்று. எனவே கையேட்டில் ‘தரவுப் பொறுப்பாளர்’, படிவத்தில் அவர் திருத்தியது அப்படியே. பேக்ஃபில் ‘பதிலி’. இன்றிரவு அனுப்புகிறேன்.

பெ., மதுரை:

அனுப்புங்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனாலும் அந்தப் பெரியவர் தரவை அடித்துவிட்டுக் கணக்கு என்று எழுதினாரே, அந்த ஓரிடத்தில் எனக்கு நிம்மதி. என் அகராதிக் குறிப்பில் ஈட்டாள் இருக்கும்.

ச., கோவை:

நன்றி ஐயா. பதிலி இன்னும் வரவில்லை. சொல் முடிவாகிவிட்டது என்று மனிதவளப் பிரிவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சின்ன சந்தேகம், அச்சுக்குப் போவதற்குள். கோ லைவ் நாளை (புது மென்பொருள் ஓடத் தொடங்கும் நாள்) மில்லில் எல்லோரும் ‘பால் காய்ச்சுற நாள்’ என்கிறார்கள். கையேட்டில் அப்படியே போட்டுவிடலாமா?

பெ., மதுரை:

பொறுங்கள். புதுமனை புகுதலுக்குச் சங்க இலக்கியத்தில்