புதுப்பிப்பு: மிக்-21 டீக்கால் வெள்ளி பூத்தது சரியாயிட்டு

1/72 அளவு மிக்-21 போர் விமான மாடல் இறக்கையில ஒட்டின டீக்கால் (தண்ணில நனைச்சு ஒட்டுற மெல்லிய படம்) ஓரமெல்லாம் வெள்ளி பூத்து, அதாவது வெள்ளையா மினுங்கிக்கிட்டு நிக்குது, என்ன செய்யன்னு போன மாசம் கேட்டிருந்தேன்.

காரணம் மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட்தான். அந்தச் சொரசொரப்புல டீக்காலுக்கு அடியில காத்து மாட்டிக்கிடுது. பழைய டீக்காலை எடுத்துட்டு, முதல்ல கிளாஸ் கோட் (பளபளப்பான லாக்கர் பூச்சு) அடிச்சு ரெண்டு நாள் காய விட்டேன். நாகர்கோவில்ல இப்ப ஐப்பசி மழை. ஈரக்காத்துல லாக்கர் வெளுத்துப்போகும். வெயில் தெளிஞ்ச மதியம் பாத்துதான் அடிச்சேன்.

பிறகு மைக்ரோ செட் (டீக்கால் நல்லா ஒட்ட அடியில தடவுற திரவம்) தடவி, தண்ணில நனைச்ச டீக்காலை நகர்த்தி வச்சு, பஞ்சுக்குச்சியால நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒத்தி எடுத்தேன். மேல மைக்ரோ சால் (டீக்காலை இளக வைக்கிற திரவம்). விட்டதும் டீக்கால் சுருங்கும், நெஞ்சு பதறும். தொடவே தொடாதீங்க! காயக் காய பேனல் கோட்டுக்குள்ள (விமானத் தகடு இணைப்பைக் காட்டுற பள்ளக் கோடு) தானா படிஞ்சிரும்.

டீக்கால்ல உள்ள மூவர்ண வட்டம் இப்ப பெயிண்ட்ல வரைஞ்ச மாதிரியே இருக்கு. கிளாஸ் கோட் யோசனை சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.