ஃபியூவல் பம்ப் மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

அண்ணன்மார்களே, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். 2012 ஜப்பான் செடான். சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய 14 மாதம்தான் பாக்கி. போன வெள்ளிக்கிழமை ஜோகூர் போவதற்காக, சோதனைச்சாவடியில் முக்கால் டேங்க் கேட்பார்களே என்று பெட்ரோலை நிறைய ஊற்றிக்கொண்டு வந்தேன். பையெல்லாம் ஏற்றிய பிறகு வண்டி கிளம்பவே இல்லை!

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி கேட்கும் பெட்ரோல் பம்பின் 'ம்ம்ம்' சத்தம் இல்லை. ஃபியூஸ் சரி. பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே சுவிட்சை ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் பார்த்தேன், அதிலும் கோளாறு இல்லை. பம்ப் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரி. மச்சான் டேங்க் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டியபோது ஒரே ஒரு தடவை கிளம்பி, உடனே நின்றுவிட்டது. ஆக, பம்ப்தான்.

பட்டறையில் 600 வெள்ளி (டாலர்) கேட்கிறார்கள். பம்ப் மட்டும் வாங்கி நானே மாற்றலாம் என்று பார்க்கிறேன். சந்தேகங்கள் இவை:

பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் பெட்ரோல் லைனில் பிரஷர் இறங்கும் என்கிறார்கள். ஓடாத வண்டியில் என்ன செய்வது? மூன்று நாள் நின்றிருக்கிறது, பைப் இணைப்பில் துணியைச் சுற்றி மெதுவாகக் கழற்றினால் போதுமா?

பம்பை டேங்கோடு இறுக்கிப் பிடிக்கும் மூடி வளையம் துருப்பிடித்திருக்கிறது. இரும்பு உளி வைத்தால் தீப்பொறி வருமே, பித்தளையில் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லாவற்றையும்விட, இந்த நிறைந்த டேங்கை எப்படிப் பத்திரமாகக் காலி செய்வது? அடுக்குமாடி கார்பார்க்கில் பெட்ரோல் வாடையோடு உட்கார எனக்கே பயம், மனைவியோ விடவே மாட்டாள். தரைவீட்டு முற்றம் உள்ளவர்கள் அரை நாள் இடம் கொடுத்தால், வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நேரில் வந்து செய்யும் மெக்கானிக் தெரிந்தாலும் சொல்லுங்கள்.