ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ், பூல்: விக்கியில் எப்படிப் பிரிப்பது?

சுண்ணாம்புக்கட்டி: கோலால் பந்தைத் தள்ளும் ஆட்டங்கள் எல்லாவற்றையும் 'பில்லியர்ட்ஸ்' என்று ஒரே கட்டுரையில் கொட்டி வைத்திருக்கிறோம். ஸ்னூக்கரில் 22 பந்து, ஆங்கில பில்லியர்ட்ஸில் 3 தான். எதை வைத்துப் பிரிக்கலாம்?

கறுப்பு7: மேசையை வைத்துப் பிரியுங்கள். குழி உள்ளவை, இல்லாதவை என்று முதலில் இரண்டு பகுப்பு, குழி உள்ளதில் அப்புறம் ஸ்னூக்கர், பூல், ஆங்கில பில்லியர்ட்ஸ். நாடு வாரியாகப் பிரித்தால் சிக்கல்தான்: ஸ்னூக்கரே 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவத்தினரிடையே பிறந்து, ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம், அதை எந்த நாட்டில் போடுவீர்கள்?

மூலைக்குழி: சரி, ஆனால் குழியில்லாத ஆட்டத்துக்கு 'கேரம்' என்று தலைப்பு வைத்தால் நம்மவர்கள் கேரம் போர்டைத் தேடி வந்து நிற்பார்கள். 'கேரம் பில்லியர்ட்ஸ்' என்றே வையுங்கள். ஆடும் கோலை 'கியூ' என்று மட்டும் எழுதினாலும் ரேஷன் கடை வரிசைதான் நினைவுக்கு வருகிறது!

சுண்ணாம்புக்கட்டி: ஹா ஹா, அதுவும் சரிதான். கலைச்சொல் பட்டியலை இன்றிரவே தொடங்குகிறேன். 'பிரேக்' மட்டும் உதைக்கிறது, முதல் அடியும் அதுதான், தொடர்ந்து எடுக்கும் புள்ளிகளும் அதுதான்.

கறுப்பு7: இரண்டு பதிவாகப் போடுங்கள். ஸ்னூக்கரில் ஒரே தொடரில் வழக்கமாக எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளியான 147ஐ இரண்டாவதில் சேர்க்கவும்.